கும்பிடு பூச்சியின் கூடும் தோட்டக் காவலின் வரலாறும்



மலைத்தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அன்று பிரட்டு இல்லை. பனி மெதுவாக விலகும். துணி துவைப்பவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்குப் பின்னால் கொத்திக் களையெடுப்பவர்கள் ஒரு பக்கம் என்று லயம் முழுவதும் சத்தமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில் எங்கள் மாணவர்கள் இருவர், எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பீன்ஸ் கொடிக்கு நட்டிருந்த கொம்பின் அருகில் நின்று எதையோ உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். மூத்தவன் கையில் ஒரு தீப்பெட்டி.

"என்னப்பா செய்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"ஐயா, கொம்பில் பூச்சிக் கூடு ஒட்டியிருக்கிறது. பீன்ஸை எல்லாம் தின்றுவிடும், எரித்துவிடு என்று பாட்டி சொன்னார்கள்" என்றான்.

போய்ப் பார்த்தோம். கட்டைவிரல் நுனியளவில், காய்ந்த சவர்க்கார நுரையைப் போல, மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி கொம்பைப் பற்றிக் கொண்டிருந்தது. அது கும்பிடு பூச்சியின் முட்டைக் கூடு. பாட்டியம்மாள் மீது குற்றமில்லை. இலையைத் தின்னும் புழுவோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர். அவருக்குப் பூச்சி என்றாலே பகைதான். "பத்து நாள் பொறுங்கள், பிறகு எரிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சிறுவர்களிடம் சொன்னோம். தீப்பெட்டி அடுப்படிக்குத் திரும்பிப் போயிற்று.

அந்தக் கூட்டிலிருந்து தொடங்கி, தோட்டத்துப் பயிரைப் பூச்சிகளைக் கொண்டே காத்த மனிதர்களின் வரலாற்றை இன்று பார்ப்போம். அந்த வரலாற்றில் சீன நாடு வருகிறது, நீலகிரி வருகிறது, இலங்கைத் தேயிலை மலை வருகிறது, கடைசியில் நம்முடைய கேமரன் மலையும் வருகிறது.

முதலில் பூச்சியைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வோம். முன்னங்கால் இரண்டையும் மடித்து, கைகூப்பி நிற்பது போல் இருப்பதால் தமிழில் இதற்குக் கும்பிடு பூச்சி என்று பெயர். தயிர்க்கடைப் பூச்சி என்பாரும் உண்டு. மலாய்க்காரர்கள் பெலாலாங் செந்தாடு என்பார்கள். கிரேக்க மொழியில் 'மாண்டிஸ்' என்றால் குறி சொல்பவர். அந்தச் சொல்லையே 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதன் அறிவியல் பெயரில் வைத்தார். இத்தனை நாட்டு மக்களும் பக்தியைக் கண்ட அந்தக் கைகளில் உண்மையில் இருப்பது முள். ஈயோ புழுவோ அருகில் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கைகள் நீண்டு அதைப் பிடித்துவிடும்.

பெண் பூச்சி முட்டையிடும்போது தன் உடலிலிருந்து ஒருவகை நுரையை வெளியிட்டு, அதற்குள் முட்டைகளை வரிசை வரிசையாக அடுக்குகிறது. நுரை சிறிது நேரத்தில் இறுகி வெயில், மழை இரண்டையும் தாங்கும் கூடாகிறது. இனத்தைப் பொறுத்து ஒரு கூட்டில் சில பத்து முட்டைகளும் இருக்கலாம், சில நூறும் இருக்கலாம். குளிர் நாடுகளில் தாய்ப்பூச்சி பனிக்காலத்தில் மடிந்துவிடும். கூடு மட்டும் பனியைத் தாங்கி நின்று இளவேனிலில் பொரிக்கும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லாததால் சில வாரங்களிலேயே பொரித்துவிடும். மலையின் குளிரில் அது கொஞ்சம் தாமதப்படும்.

எட்டாம் நாள் காலையில் சிறுவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். கூட்டின் நடுவரிசையிலிருந்து மஞ்சள் நிறத்தில் சிறு புழுக்களைப் போன்றவை நெளிந்து வெளிவந்து, மெல்லிய நூலில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிக் கொண்டிருந்தன. பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றும் தன் மேல்தோலைக் கழற்றிக் காலை நீட்டியது. சிறகு மட்டும்தான் இல்லை. மற்றபடி கொசுவளவில் தாயின் அச்சு! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், வண்ணத்துப்பூச்சியைப் போல் கூட்டுப்புழு நிலை இதற்குக் கிடையாது என்று படம் வரைந்து படித்தவர்கள் நாங்கள். கண்ணால் கண்டது அன்றுதான்.

அதற்குள் கொம்பின் அடியிலிருந்து எறும்புகள் வரிசையாக ஏறி வந்துவிட்டன. இறங்கி ஓடத் தெரியாத குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டு போயின. "ஐயா, அத்தனையும் போய்விடும் போலிருக்கிறதே!" என்று சின்னவன் அழாக்குறையாகச் சொன்னான். பிரெஞ்சு நாட்டில் பூச்சிகளையே வாழ்நாள் முழுவதும் கவனித்து எழுதிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். ழான் ஆன்றி ஃபாப்ர் என்பது அவர் பெயர், 1823 முதல் 1915 வரை வாழ்ந்தார். அவரும் இதே காட்சியைத்தான் கண்டு எழுதினார். நூற்றுக்கணக்கில் பிறப்பவற்றில் மிகச் சிலவே வளர்ந்து பெரிதாகின்றன. பிறப்பிலேயே இத்தனை இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் தாய்ப்பூச்சி அத்தனை முட்டை இடுகிறது.

இந்தப் பூச்சியைக் கொண்டு பயிரைக் காக்க முடியுமா? இந்தக் கேள்வி பழையது. தென்சீனத்துச் செடிகொடிகளைப் பற்றி ஜி ஹான் என்பவர் எழுதிய நூல் ஒன்று உண்டு. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கூறப்படுவது. ஆரஞ்சு மரத்தைப் பூச்சியிடமிருந்து காக்க, எறும்புக் கூடுகளைப் பையில் கட்டிச் சந்தையில் விற்றார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு அது. நாம் முசுறு என்றும் மலாய்க்காரர்கள் கெரெங்கா என்றும் சொல்வது அதைத்தான். பூச்சியை வைத்தே பூச்சியை அடக்கியதற்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

கும்பிடு பூச்சிக்கும் ஒரு காலம் வந்தது. 1896-ஆம் ஆண்டில் சீன நாட்டுப் பெரிய கும்பிடு பூச்சி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பக்கத்தில் காணப்பட்டது. செடிகளோடு ஒட்டிக்கொண்டு கப்பலில் போயிருக்க வேண்டும். 1899-இல் ஐரோப்பிய இனம் ஒன்று நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் காணப்பட்டது. பிற்காலத்தில் அங்கே வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு முட்டைக் கூடுகளை விலைக்கு விற்கும் வழக்கமே ஏற்பட்டது. ஆனால் போகப்போக அதன் குறையும் தெரிந்தது. கும்பிடு பூச்சி கையில் அகப்பட்டதை எல்லாம் தின்னும். புழுவையும் தின்னும், தேனீயையும் தின்னும். பசித்தால் தன் உடன்பிறப்பையும் விடாது. அது தோட்டத்துக்கு நண்பன்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட பகையை ஒழிக்க அதை அனுப்பி வைக்க முடியாது.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ஒரே வகைப் பூச்சியை மட்டும் தின்னும் நண்பர்களைத் தேடினார்கள். 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள், பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு செதிற்பூச்சியால் அழிந்து கொண்டிருந்தன. அந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆல்பர்ட் கோபெலே என்பவர் 1888-இல் அங்கே போய், அதைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டைக் கண்டுபிடித்து அனுப்பினார். முதலில் கொண்டுபோய் வளர்த்தவை நூற்றுச் சொச்சம் வண்டுகளே. இரண்டு ஆண்டுக்குள் தோட்டங்கள் பிழைத்துக் கொண்டன. அதே செதிற்பூச்சி 1928-இல் தமிழகத்து நீலகிரியில் சீகை மரங்களில் தோன்றியது. அடுத்த ஆண்டே அதே பொறிவண்டு அங்கேயும் வரவழைக்கப்பட்டது. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், மலைமேல் இந்தப் பாடம் அன்றே நடந்துவிட்டது.

இனி நமக்கு நெருக்கமான இலங்கைத் தேயிலை மலைக்கு வருவோம். நம் கேமரன் மலைக்கும் அதற்கும் உறவு உண்டு. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அவருக்குத் துணை நின்ற மில்ன் என்பவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். அந்த இலங்கையில் தேயிலைச் சுருட்டுப் புழு என்றொரு பகை இருந்தது. கொழுந்து இலைகளை நூலால் பிணைத்துச் சுருட்டி, உள்ளே இருந்தபடியே தின்னும் புழு அது. கொழுந்து கெட்டால் எடுப்பவர் கூடையில் எடை ஏது?

1935, 36-ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மைக் கொட்டும் குளவி அன்று அது. சுருட்டுப் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து புழுவைத் தின்று வளரும். சில ஆண்டுகளில் குளவி மலைமலையாகப் பரவியது, சுருட்டுப் புழு அடங்கியது. யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் அதற்குப் பிரட்டு வைக்கவுமில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது, போரோடு புதிய மருந்துகளும் வந்தன. டிடிடி பூச்சியைக் கொல்லும் என்பதை 1939-இல் கண்ட பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வரிசையில் வந்தது டீல்டிரின். இலங்கையில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக, 1950களிலும் 60களிலும் டீல்டிரினைத் தெளித்தார்கள். வண்டுக்கு வைத்த மருந்து குளவியையும் கொன்றது. காவல்காரன் செத்ததும், அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மீண்டும் தலைதூக்கியது. ஒரு பகையை அடிக்கப் போய், இருபது ஆண்டு காவல் காத்த நண்பனை இழந்த கதை இது.

இதே பாடம் நம் நாட்டிலும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் சபாவில் கொக்கோ தோட்டங்களில் மருந்து தெளிக்கத் தெளிக்கப் பூச்சி பெருகியது. கோர்டன் கான்வே என்ற இளம் அறிவியலாளர், தெளிப்பதை நிறுத்திப் பார்க்கலாம் என்று சொன்னார். நிறுத்தியதும் பூச்சிகளின் இயற்கைப் பகைவர்கள் திரும்பி வந்தன, பெரும்பாலான பூச்சிகள் குறைந்தன.

நம் கேமரன் மலையில் தேயிலையோடு முட்டைக்கோஸும் விளைகிறது அல்லவா? அதன் பெரும்பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. சாம்பல் நிறத்தில், அரிசியளவில் இருக்கும். அதன் பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். இதைக் கொல்ல மருந்து அடிப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. சாகாமல் தப்பிய சில புழுக்களின் பிள்ளைகளுக்கு அந்த மருந்து அவ்வளவாக உறைக்காது. 1953-இலேயே ஜாவாவின் லெம்பாங் பகுதியில் டிடிடி இதற்குப் பலிக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மருந்து பலிக்காதபோது விவசாயிகள் இரண்டு மூன்றைக் கலந்து, அடிக்கடி தெளித்தார்கள். காசும் போயிற்று, கையும் கண்ணும் எரிந்தன.

அதே ஜாவாவில் 1950-இல் நியூசிலாந்திலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வைரமுதுகுப் புழுவைத் தேடி அதற்குள் முட்டையிடும் குளவி. குளிர்ந்த மலைநாடே அதற்குப் பிடித்த இடம். 1970களின் நடுப்பகுதியில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குளவியைக் கேமரன் மலைக்கும் வரவழைத்தார்கள். உடனே பெரிய வெற்றி கிடைத்துவிடவில்லை. ஓயாமல் மருந்து தெளித்த தோட்டங்களில் அது எப்படிப் பிழைக்கும்? தெளிப்பைக் குறைத்து, புழுவை மட்டும் கொல்லும் நுண்ணுயிர் மருந்தைப் பயன்படுத்தியபோதுதான் குளவி நிலைத்தது. 1980களின் இறுதியில் இம்மலையில் வைரமுதுகுப் புழுவை அடக்கும் முதன்மையான நண்பன் அந்தக் குளவியே என்று கண்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எங்கள் பிழையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளித் தோட்டத்துப் பொறுப்பு எங்களிடம் இருந்தது. பீன்ஸில் அசுவினி கண்டதும் ஒருவரிடம் மருந்து இரவல் வாங்கி, அளவு பாராமல் அடித்துவிட்டோம். மறுநாள் அசுவினி இல்லை. பாத்தியில் பொறிவண்டுகளும் சில கும்பிடு பூச்சிகளும் மல்லாந்து கிடந்தன. நல்ல மருந்து என்று மகிழ்ந்தோம். மூன்று வாரத்தில் அசுவினி முன்னைவிட அதிகமாக வந்தது. அதைத் தின்ன ஒரு பொறிவண்டும் இல்லை. அதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று. மருந்துக் குப்பியைக் கழுவி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மாணவன் எடுத்துக் கொண்டு போய்விட்டான். அவன் கையைக் கழுவச் சொல்லிக் குப்பியைப் பிடுங்கும்போது எங்கள் கை நடுங்கியது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அது எங்கள் பிழையாகத்தான் இருந்திருக்கும்.

பூச்சிகளுக்குள் ஒரு கணக்கு உண்டு. அசுவினி சில நாட்களிலேயே குட்டி போட்டுப் பெருகிவிடும். அதைத் தின்னும் பூச்சிகள் பெருக அதைவிட அதிக நாள் ஆகும். கும்பிடு பூச்சிக்கோ மாதக்கணக்காகும். மருந்து இரண்டையும் கொன்றால் முதலில் மீள்வது பகைதான். இலங்கையில் நடந்ததும் இதுதான், சபாவில் நடந்ததும் இதுதான், எங்கள் பீன்ஸ் பாத்தியில் நடந்ததும் இதுதான்.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வேலைக்காட்டில் என்ன தெளிப்பது என்பதைத் தீர்மானிப்பது நாம் அல்ல. ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு பாத்தி நம்முடையது. அதில் விளைவதை உண்பது நம் பிள்ளைகள். அங்கே சில பழக்கங்களை நாமே வைத்துக் கொள்ளலாம்.

பூச்சியைக் கண்டதும் கொல்லாமல், அது இலையைத் தின்கிறதா, இலையைத் தின்பதைத் தின்கிறதா என்று ஒரு நாள் பாருங்கள். புழுவும் முட்டையும் கொஞ்சமாக இருந்தால் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கும்பிடு பூச்சியின் கூடு கண்டால் அப்படியே விடுங்கள். கொம்பைப் பிடுங்க வேண்டி வந்தால் கூட்டோடு வெட்டி, எறும்பு எளிதில் ஏறாத வேறொரு செடியில் கட்டி விடுங்கள். போத்தலில் அடைத்து வைக்க வேண்டாம். குஞ்சுகள் பொரித்தவுடன் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் சிறு வட்டத் துளைகள் தெரிந்தால், வேறொரு குட்டிக் குளவி அந்த முட்டைகளைத் தின்று வெளியேறியிருக்கிறது என்று பொருள். காவல்காரனுக்கும் ஒரு காவல்காரன் இருக்கிறான். மருந்து வாங்கியே ஆக வேண்டுமானால் ஒட்டுச்சீட்டில் உள்ள அளவை மீறாதீர்கள். காலிக் குப்பியைத் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ ஒருநாளும் எடுக்காதீர்கள்.

நம் மக்கள் டீல்டிரினை அறிந்தது அந்தப் பெயரால் அல்ல, வாளியில் கலந்த மருந்தாக. 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கையெழுத்தான உலக உடன்படிக்கையில், ஒழிக்கப்பட வேண்டிய நச்சுகளின் முதற்பட்டியலிலேயே அந்த மருந்தின் பெயர் இடம்பெற்றது. அந்த முடிவுக்கு உலகம் வர அரை நூற்றாண்டு பிடித்தது. நமக்கு அவ்வளவு காலம் பிடிக்க வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்துக் குஞ்சுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். சிறுவர்கள் கொம்பின் அடியில் தண்ணீர் ஊற்றி எறும்புகளைச் சற்று நேரம் தடுத்தார்கள். அதற்குள் ஐம்பது அறுபது குஞ்சுகள் இலைகளுக்குள் ஓடி ஒளிந்தன. ஒரு மாதம் கழித்துத் தேடியபோது மூன்றைத்தான் கண்டோம். அவற்றில் ஒன்று பீன்ஸ் இலையின் அடியில் ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துத் தின்று கொண்டிருந்தது. சின்னவன் ஓடிப்போய்ப் பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். பாட்டியம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள்.

"நம்ம பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. இருக்கட்டும்" என்றார்கள்.